தொட்ட இடத்தில் ஃபோகஸ்! - கேமராவின் டச் ஸ்க்ரீனை முழுசா பயன்படுத்துவது எப்படி?

போனில் போட்டோ எடுக்கும்போது யாரும் சொல்லித் தராமலேயே ஒரு விஷயத்தைச் செய்கிறோம். யார் முகம் தெளிவாக வேண்டுமோ, ஸ்க்ரீனில் அந்த இடத்தை ஒரு தட்டு தட்டுகிறோம். சின்னதாக ஒரு கட்டம் வரும், முகம் பளிச்சென்று ஆகும், அடுத்து க்ளிக். அவ்வளவுதான்.

அதே நீங்கள், அண்ணனுடைய கேமராவையோ நண்பனின் கேமராவையோ ஒரு கல்யாணத்துக்கு வாங்கிட்டுப் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. வியூ ஃபைண்டரில் கண்ணை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியை நம்பி, முப்பது நாற்பது படம் எடுத்துவிடுவீர்கள். கேமராவின் மூன்று இன்ச் ஸ்க்ரீனில் எல்லாமே சூப்பராகத் தெரியும். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் விஷயமே புரியும். பட்டுப்புடவையின் ஜரிகை இழை இழையாகத் தெரியும். பாட்டியின் கண்கள் மட்டும் மங்கலாக இருக்கும்.

வெளிச்சம் குறைந்திருந்தால் எடிட்டிங்கில் ஏற்றிக்கொள்ளலாம். கலர் மாறியிருந்தால் திருத்தலாம். கோணலாக இருந்தால் நிமிர்த்தலாம். ஃபோகஸ் தவறிய கண்ணில் இருந்திருக்க வேண்டிய விவரம் அந்தப் படத்தில் பதிவாகவே இல்லை. எந்த ஆப் வந்து அதைக் கூர்மையாக்கினாலும், அது ஊகித்து வரைவதுதான். மாலை மாற்றும் நிமிஷத்தை இன்னொரு தடவை நடத்தச் சொல்லவும் முடியாது.

இதற்கான தீர்வு, பெரும்பாலும் அதே கேமராவின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. லைவ் வியூவை ஆன் செய்து, போனில் தட்டுவது போலவே கேமரா ஸ்க்ரீனிலும் தட்டலாம். ஆனால், எங்கே தட்டணும், எப்போ தட்டக் கூடாது, எந்த செட்டிங் மாறியிருந்தால் காலை வாரிவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

லைவ் வியூன்னா என்ன?

டி.எஸ்.எல்.ஆர் கேமராவுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பி வியூ ஃபைண்டருக்கு அனுப்பும். நீங்கள் அதில் பார்ப்பது நேரடிக் காட்சி. ஷட்டரை அழுத்தும் நொடியில்தான் கண்ணாடி மேலே எழும்பி, ஒளி சென்சாருக்குப் போகும். 'டக்' என்று கேட்கும் சத்தத்தில் பாதி இந்தக் கண்ணாடியுடையது.

லைவ் வியூவை ஆன் செய்தால், கண்ணாடி மேலேயே நின்றுவிடும். ஒளி தொடர்ந்து சென்சாரில் விழும். சென்சார் பார்ப்பதைப் பின்பக்க ஸ்க்ரீன் காட்டும். அப்போது வியூ ஃபைண்டரில் பார்த்தால் இருட்டாகத்தான் இருக்கும். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம்.

மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. அதனால் அதில் எப்போதுமே லைவ் வியூதான். உங்கள் போனும் இதே வகைதான்.

போனில் இருந்து கேமராவுக்கு வந்த விரல்

2009-ல் வந்த ஐபோன் 3ஜிஎஸ்-ல் ஸ்க்ரீனைத் தட்டி ஃபோகஸ் செய்யும் வசதி இருந்தது. அடுத்த வருஷமே, 2010-ல், பானசோனிக் தன்னுடைய லூமிக்ஸ் ஜி2 கேமராவில் டச் ஸ்க்ரீனைக் கொண்டுவந்தது. லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா ஒன்றில் விரலால் ஃபோகஸ் இடத்தைத் தேர்வு செய்யும் வழக்கம் அங்கிருந்து ஆரம்பித்தது.

டி.எஸ்.எல்.ஆர் உலகில் முதலில் டச் ஸ்க்ரீன் வைத்தது கேனான். 2012-ல் வெளியான 650டி தான் அந்த கேமரா. நிக்கானின் முதல் டச் ஸ்க்ரீன் டி.எஸ்.எல்.ஆர், 2015-ல் வந்த டி5500.

டச் ஸ்க்ரீன் வந்துவிட்டதே தவிர, ஆரம்பத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. தட்டினால் உடனே ஃபோகஸ் ஆகாது. லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் தடவித் தடவி நிற்கும். 2013-ல் வந்த கேனான் 70டி-யில் இந்த நிலைமை மாறியது. அதற்குக் காரணம் டூயல் பிக்ஸல் என்ற தொழில்நுட்பம். அதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால், உங்கள் கையில் இருக்கும் கேமரா ஏன் வேகமாகவோ மெதுவாகவோ இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

தட்டியதும் உள்ளே என்ன நடக்குது?

கேமராக்கள் ஃபோகஸ் கண்டுபிடிக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

கான்ட்ராஸ்ட் முறை: நீங்கள் தட்டிய இடத்தில் வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு தெளிவாகப் பிரிகின்றன என்று கேமரா பார்க்கும். ஃபோகஸ் சரியாக இருந்தால் விளிம்புகள் கூர்மையாக இருக்கும், வித்தியாசம் அதிகமாகத் தெரியும். ஆனால், உச்சம் எது என்று தெரிய, உச்சத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்துத் திரும்ப வேண்டும். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போல, தாண்டி, திரும்பி, நிற்கும். லென்ஸ் முன்னும் பின்னும் அலைவது இதனால்தான். துல்லியம் நன்றாக இருக்கும், வேகம் இருக்காது.

ஃபேஸ் முறை: ஒரே காட்சியை லென்ஸின் இரண்டு பக்கங்களில் இருந்து வரும் ஒளியாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன, எந்தப் பக்கம் விலகியிருக்கின்றன என்பதை வைத்து, லென்ஸ் எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று கேமரா கணக்குப் போட்டுவிடும். அலைச்சல் கிடையாது. டி.எஸ்.எல்.ஆர்-ல் வியூ ஃபைண்டர் வழியாக எடுக்கும்போது இந்த முறைதான். ஆனால், அதற்கான சென்சார் கேமராவின் அடிப்பகுதியில் தனியாக இருக்கும். கண்ணாடி கீழே இருந்தால்தான் அதற்கு ஒளி போகும். லைவ் வியூவில் கண்ணாடி மேலே போய்விடுவதால், அது வேலை செய்யாது. அதனால்தான் பழைய டி.எஸ்.எல்.ஆர்-களில் வியூ ஃபைண்டர் வேகமாகவும் லைவ் வியூ ஆமை மாதிரியும் இருந்தன.

டூயல் பிக்ஸல் செய்தது இதுதான்: படம் எடுக்கும் சென்சாரிலேயே ஒவ்வொரு பிக்ஸலையும் இரண்டு ஒளி உணரும் பகுதிகளாகப் பிரித்துவிட்டது. இரண்டும் தனித்தனியாகப் பார்ப்பதை ஒப்பிட்டு ஃபோகஸ் கண்டுபிடிக்கும். படம் எடுக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒரே பிக்ஸலாக வேலை செய்யும். 70டி-யில் படத்தின் அகலத்திலும் உயரத்திலும் சுமார் 80 சதவிகிதம் வரை இந்த வசதி இருந்தது. ஆக, தட்டினால் லென்ஸ் நேராக அங்கே போய் நிற்கும்.

இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலானவை இதையோ, இதே மாதிரி சென்சாருக்குள்ளேயே ஃபேஸ் முறையைப் புகுத்திய வேறொரு வழியையோ பயன்படுத்துகின்றன.

நடுப் புள்ளியில் ஃபோகஸ் வெச்சு நகர்த்துனா போதாதா?

இது பலரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. வியூ ஃபைண்டரில் நடுப் புள்ளியைக் கண் மீது வைத்து, ஷட்டரைப் பாதி அழுத்தி ஃபோகஸை லாக் செய்து, பிறகு கேமராவைத் திருப்பி ஃப்ரேமை அமைப்பது பழைய பழக்கம். தூரத்தில் இருக்கும் ஆளுக்கோ, எஃப் 8 போன்ற சின்ன அப்பர்ச்சருக்கோ இது நன்றாகவே வேலை செய்யும். பக்கத்தில் நின்று, பெரிய அப்பர்ச்சரில் போர்ட்ரெய்ட் எடுக்கும்போதுதான் சிக்கல்.

கணக்கைப் பாருங்கள். ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமரா, 50 மி.மீ லென்ஸ், எஃப் 1.8, ஒரு மீட்டர் தூரத்தில் முகம். இதில் கூர்மையாக வரும் பகுதியின் ஆழம் மொத்தமே சுமார் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர்தான். கண்ணுக்கு முன்னால் ஒன்றரை, பின்னால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது கண்ணில் ஃபோகஸை லாக் செய்துவிட்டு கேமராவை 10 டிகிரி திருப்பினால், கூர்மையான தளம் கண்ணைத் தாண்டிச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். இருந்த அனுமதி அத்தனையும் அங்கேயே காலி. நீங்கள் மூச்சுவிடும்போது கொஞ்சம் முன்னே சாய்ந்தால் போதும், கண் மங்கிவிடும், காது கூர்மையாகிவிடும்.

டச் ஃபோகஸில் இந்தத் திருப்புகிற வேலையே இல்லை. முதலில் ஃப்ரேமை அமைத்துவிடுகிறீர்கள். கண் எங்கே இருக்கிறதோ அங்கேயே தட்டுகிறீர்கள். கேமரா நகர்வதில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. கேனான் 200டி மார்க் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வியூ ஃபைண்டரில் ஃபோகஸ் புள்ளிகள் மொத்தம் 9, அதுவும் ஃப்ரேமின் நடுப்பகுதியைச் சுற்றியே. அதே கேமராவில் லைவ் வியூவுக்கு வந்தால், தேர்வு செய்யக்கூடிய இடங்கள் 3,975. ஓரத்தில் நிற்கும் குழந்தையின் கண்ணில்கூட நேராகத் தட்டலாம்.

முதலில் இந்த ஐந்து செட்டிங்ஸை சரிபாருங்கள்

கேமராவுக்குக் கேமரா மெனுவின் பெயர்கள் மாறும். ஆனால், தேட வேண்டிய விஷயங்கள் இவைதான்.

1. டச் கன்ட்ரோல் ஆன்-ல் இருக்கிறதா? மெனுவில் இதை ஆஃப் செய்துவைத்திருந்தால் எவ்வளவு தட்டினாலும் ஒன்றும் நடக்காது. கேனானில் 'ஸ்டாண்டர்ட்', 'சென்சிடிவ்', 'டிஸேபிள்' என மூன்று நிலைகள் இருக்கும். ஸ்டாண்டர்ட் போதும்.

2. லென்ஸில் இருக்கும் சுவிட்ச் ஏ.எஃப்-ல் இருக்கிறதா? பையிலிருந்து எடுக்கும்போது அது எம்.எஃப்-க்குத் தள்ளப்பட்டிருக்கும். 'தட்டினால் வேலை செய்யலை' என்ற புகாரில் அடிக்கடி கண்டுபிடிக்கப்படும் குற்றவாளி இதுதான்.

3. டச் ஷட்டர் வேணுமா, வேணாமா? ஸ்க்ரீனின் ஓரத்தில் விரல் படம் போட்ட ஒரு ஐகான் இருக்கும். இது ஆன்-ல் இருந்தால், தட்டியதும் ஃபோகஸ் செய்து உடனே படமும் எடுத்துவிடும். ஆஃப்-ல் இருந்தால், தட்டுவது ஃபோகஸுக்கு மட்டும்; படம் எடுக்க ஷட்டர் பட்டனை அழுத்த வேண்டும். பழகும் வரை ஆஃப்-ல் வைப்பது நல்லது. இல்லையென்றால், கார்டு முழுக்க உங்கள் செருப்புப் படமாக இருக்கும்.

4. ஏ.எஃப் ஏரியா என்ன? 'ஃபேஸ் + டிராக்கிங்' என்றால், தட்டிய முகத்தைக் கேமரா பின்தொடரும். 'ஒன் பாயின்ட்' அல்லது 'ஸ்பாட்' என்றால், தட்டிய இடத்தில் மட்டும் நிற்கும். மனிதர்களுக்கு முதலாவது, பூ, சாப்பாடு, நகை போன்ற அசையாத பொருள்களுக்கு இரண்டாவது.

5. ஒன்-ஷாட்டா, சர்வோவா? ஒன்-ஷாட் என்றால் ஒரு தடவை ஃபோகஸ் ஆனதும் பூட்டிக்கொள்ளும். சர்வோ என்றால் ஆள் நகர நகர ஃபோகஸும் நகரும். நிக்கான், சோனி கேமராக்களில் இதையே ஏ.எஃப்-எஸ், ஏ.எஃப்-சி என்பார்கள். உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு ஒன்-ஷாட். ஓடிவரும் பேரனுக்கு சர்வோ.

ஒரு சின்னக் குறிப்பு. சில கேமராக்களில் தட்டியவுடன் ஃபோகஸ் ஆகிவிடும். சிலவற்றில் கட்டம் மட்டும் அந்த இடத்துக்கு நகரும். ஷட்டரைப் பாதி அழுத்தினால்தான் ஃபோகஸ் ஆகும். உங்களுடையது எந்த வகை என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். மண்டபத்தில் போய்க் கண்டுபிடிக்க வேண்டாம்.

எங்கே தட்டணும்?

முகம் என்றால் கண். இரண்டு கண்களும் ஒரே தூரத்தில் இல்லாமல் முகம் சாய்ந்திருந்தால், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண். படம் பார்க்கும் யாரும் முதலில் அங்கேதான் போவார்கள். மூக்கு நுனி கூர்மையாக இருந்து கண் மங்கலாக இருந்தால், அந்தப் படம் ஏனோ ஒட்டாது.

குரூப் போட்டோ என்றால் முன் வரிசையில் ஒருவர் முகத்தில் தட்டி, அப்பர்ச்சரை எஃப் 5.6 அல்லது எஃப் 8-க்குக் கொண்டுபோங்கள். மூன்று வரிசை இருந்தால் நடு வரிசையில் இருப்பவரைப் பிடிப்பது பாதுகாப்பு. எஃப் 1.8-ல் வைத்துவிட்டு எவ்வளவு சரியாகத் தட்டினாலும், பின் வரிசை சித்தப்பாக்கள் கோபித்துக்கொள்வார்கள்.

தட்டும்போது விளிம்பைத் தேடித் தட்டுங்கள். கேமராவுக்கு ஃபோகஸ் பிடிக்க வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடம் வேண்டும். வெள்ளை வேட்டியின் நடுவில் தட்டினால் அது திணறும். வேட்டியின் கரையில் தட்டினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். அதே மாதிரி, வெறும் சுவர், மேகமில்லாத வானம், ஒரே நிறப் புடவை ஆகியவற்றின் நடுவில் தட்டாமல், மடிப்பு, பொத்தான், எழுத்து, புருவம் போன்ற இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருப்பவரை எடுக்கும்போது, முகத்தில் தட்டினாலும் கேமரா கம்பியைப் பிடித்துக்கொள்ளும். காரணம், நீங்கள் விரல் வைத்த கட்டத்துக்குள் கம்பியும் வந்துவிடுவதுதான். ஸ்பாட் ஏரியாவுக்கு மாறி, கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் கண் வருமாறு நகர்ந்து தட்டுங்கள்.

கட்டத்தின் நிறத்தைக் கவனியுங்கள். பச்சை என்றால் ஃபோகஸ் ஆகிவிட்டது. கேனானில் ஆரஞ்சு, நிக்கானில் சிவப்பு என்றால் ஆகவில்லை. பச்சை வந்த பிறகும் ஒரு சந்தேகம் இருக்கலாம்: கேமராவுக்கு அந்தக் கட்டத்துக்குள் எதையோ பிடித்துவிட்ட திருப்தி. அது நீங்கள் நினைத்ததுதானா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

எவ்வளவு தட்டினாலும் பச்சை வரவில்லையா? ரொம்பப் பக்கத்தில் போய்விட்டீர்களா என்று பாருங்கள். கேனானின் 50 மி.மீ எஃப் 1.8 எஸ்.டி.எம் லென்ஸுக்குக் குறைந்தபட்ச தூரம் 35 சென்டிமீட்டர். அதற்குள் இருக்கும் மோதிரத்தை அது எப்போதும் பிடிக்காது. ஒரு அடி பின்னால் வந்தால் சரியாகிவிடும்.

போனும் கேமராவும் ஒன்றில்லை

தட்டுவது ஒரே மாதிரி இருந்தாலும், நடப்பதில் சில வித்தியாசங்கள் இருக்கின்றன.

போனில் ஓரிடத்தைத் தட்டினால் ஃபோகஸோடு வெளிச்சமும் அந்த இடத்துக்கு ஏற்ப மாறும். முகத்தைத் தட்டினால் முகம் வெளிச்சமாகும், பின்னால் ஜன்னல் வெளுத்துப்போகும். கேமராவில் வெளிச்சம் உங்கள் மோடைப் பொறுத்தது. மேனுவல் மோடில் இருந்தால், எங்கே தட்டினாலும் வெளிச்சம் மாறாது. ஆட்டோ மோடுகளில் தட்டிய இடத்துக்குக் கொஞ்சம் முக்கியத்துவம் கொடுக்கும். தட்டினேன், முகம் இன்னும் இருட்டாகவே இருக்கிறது என்றால், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைத் தனியாக ஏற்ற வேண்டும்.

போனின் மெயின் லென்ஸின் உண்மையான ஃபோகல் லென்த் சில மில்லிமீட்டர்தான், சென்சாரும் சின்னது. அதனால் முன்னும் பின்னும் நிறைய பகுதி தானாகவே தெளிவாக வந்துவிடும். கொஞ்சம் தப்பாகத் தட்டினாலும் தெரியாது. கேமராவின் பெரிய சென்சாரில் அந்தச் சலுகை கிடையாது. விரல் கொஞ்சம் தள்ளிப்போனால் படத்தில் அப்படியே தெரியும்.

போனை ஒரே கையில் பிடித்துத் தட்டலாம். கேமராவை அப்படிப் பிடித்தால் ஆடும். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் இருக்கட்டும். இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வலது கட்டைவிரலால் தட்டுங்கள். கழுத்தில் ஸ்ட்ராப் இருந்தால், அது இறுக்கமாகும் வரை கேமராவை முன்னால் நீட்டிப் பிடித்தால் ஆட்டம் பாதி குறைந்துவிடும்.

வீடியோவில்தான் நிஜமான மேஜிக்

முன்னால் இருக்கும் விளக்கு தெளிவாக இருக்கும். மெல்ல அது மங்க, பின்னால் இருக்கும் முகம் தெளிவாகும். சினிமாவில் இதற்காகவே ஃபோகஸ் புல்லர் என்று ஒருவர் இருப்பார். லென்ஸின் வளையத்தைக் கையால் அளந்து திருப்புவது அவர் வேலை. டச் ஃபோகஸ் இருக்கும் கேமராவில் நீங்கள் தனி ஆளாகவே இதைச் செய்து பார்க்கலாம்.

கேமராவை டிரைபாடில் வையுங்கள். விளக்கில் தட்டி ரெக்கார்டை ஆரம்பியுங்கள். மூன்று நொடி கழித்து முகத்தில் மெதுவாகத் தட்டுங்கள். அழுத்தித் தட்டினால் வீடியோவில் அதிர்வு தெரியும். சில கேமராக்களில் ஃபோகஸ் மாறும் வேகத்தையும் மெனுவில் குறைக்கலாம். குறைத்தால் அழகாக வரும். எஸ்.டி.எம் வகை லென்ஸ் என்றால் மோட்டார் சத்தமும் அவ்வளவாகப் பதிவாகாது.

யூடியூப், ரீல்ஸ் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேனான் 200டி மார்க் 2-ல் 4கே வீடியோவுக்கு மாறினால், டூயல் பிக்ஸல் ஃபோகஸ் வேலை செய்யாது. பழைய கான்ட்ராஸ்ட் முறைக்குப் போய்விடும். லென்ஸ் அலைவது வீடியோவிலேயே தெரியும். ஃபோகஸ் முக்கியமென்றால் ஃபுல் ஹெச்.டி-யில் எடுங்கள்.

எப்போ வேண்டாம்?

உச்சி வெயிலில் ஸ்க்ரீன் சரியாகத் தெரியாது. தெரியாத இடத்தில் தட்டுவது குருட்டாம்போக்கு. அப்போது வியூ ஃபைண்டருக்குப் போய்விடுங்கள்.

டி.எஸ்.எல்.ஆர்-ல் பறவை, கபடி, ஓட்டப்பந்தயம் போன்றவற்றுக்கும் வியூ ஃபைண்டரே நல்லது. நீங்கள் விரலைக் கொண்டுபோகும் நேரத்தில் ஆள் ஃப்ரேமைத் தாண்டியிருப்பார்.

விரல் ஈரமாக இருந்தாலோ, ஸ்க்ரீனில் மழைத்துளி இருந்தாலோ தொடுதல் தாறுமாறாகப் பதிவாகும். துடைத்துவிட்டுத் தட்டுங்கள்.

குறைந்த வெளிச்சத்தில் ஷட்டர் ஸ்பீட் மெதுவாக இருக்கும்போது டச் ஷட்டரால் படம் எடுக்காதீர்கள். தட்டும் அதிர்வே படத்தைக் கெடுக்கும். டிரைபாடில் வைத்து, தட்டி ஃபோகஸ் செய்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள்.

லைவ் வியூ பேட்டரியை வேகமாகக் குடிக்கும். 200டி மார்க் 2-ல் வியூ ஃபைண்டர் வழியாக ஒரு சார்ஜில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் என்றால், லைவ் வியூவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். விசேஷத்துக்குப் போகிறீர்கள் என்றால் இன்னொரு பேட்டரி பையில் இருக்கட்டும். ரொம்ப நேரம் ஓடவிட்டால் கேமரா சூடாகி எச்சரிக்கை ஐகானும் வரும். படம் எடுக்காத நேரத்தில் ஆஃப் செய்துவிடுங்கள். லைவ் வியூவில் சூரியனை நேராகப் பார்க்கவே வைக்காதீர்கள்; சென்சாருக்கு ஆபத்து.

மூக்கு போட்ட ஃபோகஸ்!

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு வரும் வேடிக்கையான பிரச்னை இது. பல மாடல்களில், கண்ணை வியூ ஃபைண்டரில் வைத்துக்கொண்டே, ஸ்க்ரீனை டச் பேட் போலப் பயன்படுத்தி, கட்டைவிரலால் ஃபோகஸ் கட்டத்தை இழுத்து நகர்த்தலாம். அருமையான வசதி. ஆனால், இடது கண்ணால் பார்ப்பவர்களின் மூக்கு ஸ்க்ரீனில் பட்டுவிடும். கட்டம் எங்கேயோ ஓடிவிடும். 'கேமரா தானா ஃபோகஸை மாத்துது' என்று சர்வீஸுக்குக் கொடுக்கும் முன், மெனுவில் டச் ஏரியாவை ஸ்க்ரீனில் மூக்கு படாத பகுதிக்கு மட்டும் என்று மாற்றிப் பாருங்கள். மூக்குக்கு வேலை போய்விடும்.

படம் மங்கலா? யார் காரணம்னு கண்டுபிடிங்க

எல்லா மங்கலுக்கும் ஃபோகஸ் காரணம் கிடையாது. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கண் மங்கல், ஆனால் காதோ சட்டையோ பின்னால் இருக்கும் தூணோ கூர்மையாக இருக்கிறது. இது ஃபோகஸ் தவறியது. மறுபடியும் கண்ணில் தட்டி எடுங்கள்.

படம் முழுக்கவே ஒரே திசையில் இழுத்தது போல இருக்கிறது. இது கை ஆடியது. ஷட்டர் ஸ்பீடை ஏற்றுங்கள். ஏ.பி.எஸ்-சி கேமராவில் 50 மி.மீ லென்ஸ் என்றால், கையில் பிடித்து எடுக்க 1/80 நொடியாவது வேண்டும்.

பின்னணி கூர்மை, ஆள் மட்டும் இழுத்திருக்கிறார். ஆள் அசைந்திருக்கிறார். குழந்தைகளுக்கு 1/250-க்குக் கீழே இறங்காதீர்கள்.

முழுப் படமும் பால் ஊற்றியது போல மங்கல். லென்ஸில் விரல் ரேகையோ, ஏ.சி அறையில் இருந்து வெளியே வந்ததால் படிந்த ஈரமோ இருக்கும். துடைக்க வேண்டியது லென்ஸை. மாற்ற வேண்டியது செட்டிங்ஸை இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறீங்களா?

விளம்பரத்தில் 'லைவ் வியூ உண்டு' என்று இருந்தால் டச் ஃபோகஸும் உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். கேனான் 1500டி, நிக்கான் டி3500 இரண்டிலும் லைவ் வியூ இருக்கிறது, டச் ஸ்க்ரீன் கிடையாது. நிக்கான் டி5600-ல் டச் ஸ்க்ரீன் இருக்கிறது, ஆனால் லைவ் வியூவில் கான்ட்ராஸ்ட் முறை என்பதால் வேகம் குறைவு. கேனான் 70டி, 80டி, 200டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் டச் ஸ்க்ரீனும் டூயல் பிக்ஸலும் சேர்ந்தே வருகின்றன. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்-ல் சென்சாரிலேயே ஃபேஸ் முறை வந்தது 2020-ல் வெளியான டி780-ல்தான்.

நேரில் பார்க்கும்போது ஸ்க்ரீனின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் தட்டிப் பாருங்கள். ஐந்து இடத்திலும் தொடுதல் பதிவாக வேண்டும். பழைய ஸ்க்ரீன்களில் ஓரங்கள்தான் முதலில் செத்துப்போகும் இடம் என்று நினைத்துச் சோதியுங்கள். மடிக்கும் ஸ்க்ரீன் என்றால் முழுசாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் தட்டிப் பாருங்கள்.

இன்னைக்கே பதினைந்து நிமிஷம்

சாப்பாட்டு மேஜையில் மூன்று டம்ளரை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு ஜாண் இடைவெளியில் வையுங்கள். இருப்பதிலேயே பெரிய அப்பர்ச்சர் வையுங்கள். முதல் டம்ளரின் விளிம்பில் தட்டி ஒரு படம், இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று. பெரிதாக்கிப் பார்த்து, தட்டியதுதான் கூர்மையாக வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். அடுத்து, வீட்டில் இருப்பவர் ஒருவரை உட்காரவைத்து, கண்ணில் தட்டி ஐந்து படம். பிறகு அவரை உங்களை நோக்கி நடந்துவரச் சொல்லி, சர்வோவில் ஐந்து படம். கடைசியில் வீடியோவில் டம்ளரில் இருந்து முகத்துக்கு ஒரு தட்டு.

பதினைந்து நிமிஷம்தான். விரல் பழகிவிடும். மாடலாக உட்கார அம்மாவைக் கூப்பிடுங்கள். 'நானெல்லாம் போட்டோவில் நல்லாவே வர மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டே உட்காருவார். கண்ணில் தட்டுங்கள். பச்சைக் கட்டம் வந்ததும் எடுத்துவிடுங்கள்.